ஓராண்டாகச் சரியான உறக்கம் இல்லை: மாத்திரையிலிருந்து வெளிவர யாரிடம் செல்ல வேண்டும்?

கேள்வி: காரைக்குடி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். என் தாயார் பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகி, கடைசிக் காலம் முழுவதும் எங்கள் வீட்டிலேயே இருந்தார். படுக்கைப் புண் வந்துவிடக் கூடாது என்பதற்காக இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சியும் மருந்தும் செலுத்த வேண்டும். சளி கட்டி மூச்சு இழுக்கும் ஓசை கேட்டால் உடனே எழுந்து தலைப் பக்கத்தை உயர்த்த வேண்டும். சென்ற ஆண்டு அவர் காலமானார். அவர் இருந்த அறையில் இப்போது யாரும் இல்லை. ஆனால் இரவு 2 மணிக்கு என் கண்கள் தாமாகவே திறந்துகொள்கின்றன. அதன் பிறகு விடியும் வரை புரண்டுகொண்டே இருக்கிறேன். சில நாட்களில் படுத்தவுடனேயே உறக்கம் வராமல் நள்ளிரவைத் தாண்டிவிடுகிறது.

எப்படியாவது கொஞ்சம் கூடுதலாகத் தூங்கிவிட மாட்டோமா என்று இரவு 9 மணிக்கே படுத்துவிடுகிறேன். காலை 5.30க்கு எழ வேண்டும். விடுமுறை நாட்களில் கண் மூடினால் போதும் என்று மதியமும் படுக்கிறேன், காலையிலும் தாமதமாக எழுகிறேன். இவ்வளவு நேரம் படுத்தும், கணக்குப் பார்த்தால் ஓர் இரவில் 5 மணி நேரம் உறங்கினாலே அதிகம். வகுப்பில் கரும்பலகைக்கு முன் நின்று ஒரு கணக்கின் நடுவில் அடுத்த படி என்ன என்று மறந்து நிற்கும் நிலை வந்துவிட்டது. காரணமே இல்லாமல் பிள்ளைகள் மீது எரிந்து விழுகிறேன். மாலையில் விளக்கு வைக்கும் நேரம் வந்தாலே ‘இன்று இரவும் அப்படித்தான் இருக்குமோ’ என்ற பயம் வயிற்றைப் பிசையத் தொடங்குகிறது.

தாயாரின் காரியங்கள் முடிந்த நாட்களில், தெரிந்த மருத்துவர் ஒருவர் அல்பிரசோலம் என்ற, பதற்றம் தணித்து உறக்கம் தரும் மாத்திரையை 0.25 மில்லிகிராம் அளவில் சில நாட்களுக்கு எழுதிக் கொடுத்தார். அது அப்படியே தொடர்ந்து இப்போது 0.5 ஆகியிருக்கிறது. பழைய மருந்துச் சீட்டையே காட்டி வாங்கி வருகிறோம். முதலில் நன்றாக வேலை செய்த மாத்திரை இப்போது மூன்று மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. ஒருநாள் போடாமல் விட்டுப் பார்த்தபோது கை நடுக்கமும் படபடப்பும் வந்து, விடிய விடியக் கண் மூடவே முடியவில்லை.

எனக்கு மூன்று ஐயங்கள். இது வாழ்நாள் முழுவதும் மாத்திரையோடுதான் என்று ஆகிவிடுமா? மாத்திரையை எப்படி விடுவது? இதற்கு எந்த மருத்துவரிடம் செல்ல வேண்டும்? மனநல மருத்துவரிடம் போகலாம் என்றால், ‘அந்த அளவுக்கு உனக்கு என்ன ஆகிவிட்டது’ என்று வீட்டில் கேட்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: மதுரை மருந்தாளுநர்

வணக்கம் சகோதரி. தாயாருக்கு நீங்கள் செய்த பணிவிடை எளிதானதல்ல. உங்கள் இரண்டாவது ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில்தான் உடனடி ஆபத்து இருக்கிறது. அல்பிரசோலத்தைத் தினமும் எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவர், தாமாக முடிவு செய்து ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. நீங்கள் சொல்லும் நடுக்கமும் படபடப்பும், உடல் அந்த மருந்துக்குப் பழகிவிட்டதன் அடையாளங்கள். நீண்ட நாள் எடுத்துவிட்டுத் திடீரென்று விட்டால் சிலருக்கு வலிப்பு வரை போகும். மருந்தை நிறுத்திய இரவுகளில் தூக்கம் முன்பைவிட மோசமாவதும் இந்த வகை மருந்துகளின் இயல்புதான். அதைப் பார்த்துவிட்டு, மாத்திரை இல்லாமல் தமக்குத் தூக்கமே வராது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த ஓர் இரவை வைத்து அப்படி ஒரு முடிவுக்கு வராதீர்கள்.

பழைய சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பு எழுத்தில் ‘என்ஆர்எக்ஸ்’ என்ற குறியீடும், மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்கும். அல்பிரசோலம், டயாசெபாம், சோல்பிடெம் போன்ற தூக்கம் தரும் மருந்துகள் 2014 மார்ச் முதல் ‘எச்1’ என்ற தனிப் பட்டியலின் கீழ் வருகின்றன. எழுதிக் கொடுத்த மருத்துவர், நோயாளி, மருந்தின் அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இது வெறும் தாள் வேலை அல்ல. 0.25 என்பது 0.5 ஆவதும், 0.5 என்பது 1 ஆவதும் இப்படி மருத்துவர் கண்ணில் படாமல்தான் நடக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் அல்பிரசோலத்தின் குடும்பத்தைச் சேர்ந்த எல்லா மருந்துகளுக்கும், பழக்கமாகிவிடும் ஆபத்தைப் பற்றிக் கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது.

விட முடியாதா என்றால், நிச்சயமாக முடியும். மருத்துவர் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் உடல் பழகும் வரை நிறுத்தி, பிறகு அடுத்த படிக்குப் போவார். வாரக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ ஆகலாம், அவசரம் வேண்டாம். அதுவரை, இருக்கும் அளவுக்கு மேல் கூட்டாதீர்கள். சளி, இருமலுக்கான தூக்கம் தரும் மருந்துகளையும் இதோடு சேர்க்காதீர்கள்.

மறுமொழி 2: தஞ்சாவூர் அக்கா

அன்புத் தங்கைக்கு, உங்கள் எழுத்தை வாசித்தபோது என் பழைய இரவுகளை மறுபடி பார்ப்பதுபோல் இருந்தது. எனக்குத் தூக்கம் போனது என் கணவரின் நீண்ட மருத்துவமனைக் காலத்தில். அவர் குணமாகி வீடு திரும்பினார். என் தூக்கம் திரும்பவில்லை. மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்த பிறகு, ஒரு மனநல மருத்துவர் என்னை ஒரு மருத்துவ உளவியலாளரிடம் அனுப்பினார். தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று அதற்குப் பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக ‘சிபிடி-ஐ’ என்பார்கள். வாரம் ஒருமுறை பேச்சு, கூடவே வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி. என்னைப் பொறுத்தவரை, உண்மையாக உதவியது அதுதான்.

முதல் நாள் அவர் ஒரு தாளைக் கொடுத்து, தினமும் காலையில் நிரப்பச் சொன்னார். எப்போது படுத்தேன், தோராயமாக எப்போது உறங்கினேன், எத்தனை முறை விழித்தேன், எப்போது படுக்கையை விட்டு எழுந்தேன், மதியம் படுத்தேனா, கடைசிக் காபி எப்போது. இவ்வளவுதான். இரவில் கடிகாரத்தைப் பார்த்து எழுதக் கூடாது என்றும், காலையில் நினைவிலிருந்து எழுதினால் போதும் என்றும் கண்டிப்பாகச் சொன்னார். எங்கள் படுக்கையறையில் கட்டிலுக்கு நேர் எதிரே சுவர்க் கடிகாரம் இருந்தது. அதைக் கழற்றிக் கூடத்தில் மாட்டினோம். கைபேசி கூடத்து அலமாரியில் இருக்கும். எழுப்பு மணி அங்கிருந்தே கேட்கும். ‘இன்னும் மூன்று மணி நேரம்தான் இருக்கிறது, இப்போது தூங்கினால்கூட மூன்று மணி நேரம்’ என்று கழித்துக் கழித்துப் பார்க்கும் அந்தக் கணக்கு, பார்க்க ஒன்றும் இல்லாதபோது மெல்ல மெல்ல நின்றது.

அடுத்த பாடம்தான் கடினமானது. உறக்கம் வந்து கண் சொக்கினால் மட்டுமே படுக்க வேண்டும். படுத்துச் சுமார் இருபது நிமிடம் ஆனதுபோல் தோன்றியும் உறக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும். மறுபடி சொக்கினால்தான் திரும்ப வேண்டும். இரவில் எத்தனை முறை ஆனாலும் இதையே செய்ய வேண்டும். எவ்வளவு குறைவாகத் தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும். படுக்கையில் உட்கார்ந்து கணக்கு எழுதுவது, கைபேசி பார்ப்பது, கவலைப்படுவது எதுவும் கூடாது. எழுந்து போனால் என்ன செய்வது என்று கேட்டேன். மனத்தைத் தூண்டாத, கைக்கு மட்டும் வேலை தரும் எதையாவது செய்யுங்கள் என்றார். நான் வயர்க் கூடை பின்னினேன். மங்கலான விளக்கில், பச்சை வயரும் வெள்ளை வயருமாக ஒரு வரிசைக்கு ஒரு வரிசை முடிச்சுப் போட்டுக்கொண்டே போவேன். முடிச்சு தவறாமல் இருக்கச் சிறிது கவனம் வேண்டும். அதே நேரத்தில் அடுத்து என்ன ஆகும் என்ற ஆர்வம் அதில் இல்லை. தொடர்கதையோ செய்தியோ வாசித்திருந்தால் விடிந்திருக்கும்.

முதல் இரண்டு வாரங்கள் முன்பைவிட மோசமாக இருந்தன என்பதை மறைக்காமல் சொல்கிறேன். பகலில் தலை கனத்தது. விட்டுவிடலாம் என்று அழுதிருக்கிறேன். அதற்குப் பிறகுதான் படுக்கை எனக்கு மறுபடி படுக்கையானது. அந்த இரண்டு வாரங்களைப் பற்றி முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். ‘இதைச் செய்தும் தூக்கம் இல்லையே’ என்று அவர்கள் கேட்கும் ஒரு சொல் நம்மைக் குலைத்துவிடும்.

மறுமொழி 3: கோவில்பட்டி பெரியவர்

அம்மா, வணக்கம். எனக்கு வயது எழுபதுக்கு மேல். எங்கள் காலத்தில் இதற்கு மருத்துவமனைக்குப் போகும் வழக்கம் இல்லை. இரவில் வெதுவெதுப்பான பாலில் ஒரு சிட்டிகை ஜாதிக்காய்ப் பொடி, வாரம் இருமுறை நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர்க் குளியல், உள்ளங்காலில் எண்ணெய் தடவுதல், மாலையில் கோயில் வரை நடை, இவற்றைத்தான் செய்தோம். அமுக்கராச் சூரணமும் நல்லது என்பார்கள். மாத்திரை என்பது கடைசி வழியாக இருக்கட்டும். மனத்தில் உள்ளதைத் தாயாரின் படத்துக்கு முன் உட்கார்ந்து சொல்லி அழுதுவிடுங்கள். இத்தனை நாள் அடக்கி வைத்தது எங்கே போகும்?

மறுமொழி 4: அரசு மருத்துவமனை மனநல மருத்துவர்

வணக்கம். பெரியவர் கடைசியாகச் சொன்னதை நானும் சொல்வேன். துக்கத்துக்கு இடம் கொடுக்காமல் தூக்கத்தை மட்டும் சரிசெய்ய முயல்வது பல நேரங்களில் பலிப்பதில்லை. வெந்நீர்க் குளியலுக்கும் காரணம் உண்டு: படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு குளித்தால், தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து உடலின் உள்வெப்பம் பிறகு இறங்குகிறது, அந்த இறக்கம் உறக்கத்துக்குத் துணை செய்கிறது. பாலைக் குடியுங்கள், நடந்து வாருங்கள். ஆனால் அமுக்கராவைத் தாமாக வாங்கி அல்பிரசோலத்தோடு சேர்க்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அது மயக்கத்தைக் கூட்டலாம். தைராய்டு அளவை மாற்றலாம். அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. ஜாதிக்காயும் அளவு மிகுந்தால் நஞ்சு. சித்த மருத்துவரிடம் செல்வதென்றால், எடுத்துக்கொண்டிருக்கும் மாத்திரையை மறைக்காமல் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

இனி உங்கள் நிலைக்கு வருகிறேன். வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல், மூன்று மாதங்களுக்கு மேல், உறங்க வாய்ப்பிருந்தும் உறங்க முடியாமல், அதனால் பகல் வாழ்க்கை பாதிக்கப்பட்டால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறோம். நீங்கள் அந்த வரம்பைத் தாண்டி வெகுநாளாகிவிட்டது. ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இல் இதை மூன்று அடுக்காக விளக்கினார்: இயல்பிலேயே எளிதில் விழித்துக்கொள்ளும் தன்மை ஒன்று, தூக்கத்தைக் கெடுத்த நிகழ்வு இரண்டாவது, அந்த நிகழ்வு முடிந்த பிறகும் தூக்கமின்மையைத் தாங்கிப் பிடித்திருக்கும் பழக்கங்களும் பயமும் மூன்றாவது. உங்கள் தாயாருக்குச் செய்த இரவுப் பணிவிடை இரண்டாவது. அது முடிந்துவிட்டது. 9 மணிக்கே படுப்பது, மதியம் படுப்பது, விடுமுறையில் தாமதமாக எழுவது, விளக்கு வைக்கும் நேரத்திலேயே தொடங்கும் பயம் ஆகியவை மூன்றாவது அடுக்கு. இழந்த தூக்கத்தை மீட்க யாரும் இயல்பாகச் செய்பவைதான் இவை. ஆயினும் இன்று உங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருப்பவையும் இவையே. ஆகவே இதை மாற்ற முடியும்.

ஏன் கெடுக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் பயிற்சி எளிதாகும். உறக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன என்று அலெக்சாண்டர் போர்பெலி என்ற உறக்க ஆய்வாளர் 1982இல் எடுத்துரைத்தார். ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் சேர்ந்துகொண்டே போகும் உறக்க அழுத்தம். அடினோசின் என்ற வேதிப்பொருள் அதில் பெரும் பங்கு வகிக்கிறது. மற்றொன்று, வெளிச்சத்தைப் பார்த்து நேரம் பிடிக்கும் உடலின் உட்கடிகாரம். மதியம் ஒன்றரை மணி நேரம் உறங்கினால் சேர்ந்திருந்த அழுத்தத்தில் ஒரு பகுதி கரைந்துவிடும். மாலை 5 மணிக் காபி, அடினோசின் சென்று அமர வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். அதன் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை தாமதமாக எழுந்தால் உட்கடிகாரம் பின்னுக்குத் தள்ளப்பட்டு, அன்று இரவு 9 மணி என்பது உங்கள் உடலுக்கு 9 மணியாகவே இராது.

தஞ்சாவூர் அம்மையார் சொன்ன பயிற்சிக்கு அடிப்படை ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் 1972இல் வகுத்த முறை. அதோடு ஸ்பீல்மன் சேர்த்த இன்னொன்று உண்டு: படுக்கும் நேரத்தைக் குறைப்பது. நீங்கள் எட்டரை மணி நேரம் படுத்து 5 மணி நேரம் உறங்குகிறீர்கள். அதாவது படுக்கையில் கழியும் நேரத்தில் 59 விழுக்காடுதான் உறக்கம். அம்மையார் தினமும் காலையில் நிரப்பியதுபோன்ற உறக்கக் குறிப்பேட்டில் ஓரிரு வாரச் சராசரியைப் பார்த்து, 5 மணி நேரத்துக்குக் குறையாமல், உதாரணமாக நள்ளிரவு 12 முதல் 5.30 வரை மட்டும் படுக்க அனுமதிப்போம். படுக்கை நேரத்தில் 85 விழுக்காட்டுக்கு மேல் உறக்கமானால், வாரம் 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். இப்படியே படிப்படியாக நீட்டுவோம். தூக்கம் இல்லாதவரிடம் போய்க் குறைவாகப் படு என்று சொல்வது கொடுமைபோல் தோன்றும். ஆனால் சிதறிக் கிடக்கும் உறக்கத்தை ஒன்றாகக் கூட்டுவதற்கு இதைவிட வலுவான கருவி எங்களிடம் இல்லை. வலிப்பு நோய் உள்ளவர்கள், இருதுருவ மனநோய் உள்ளவர்கள், பேருந்தோ லாரியோ ஓட்டுபவர்கள் ஆகியோர் இதை மருத்துவர் துணையின்றிச் செய்யவே கூடாது. நீங்களும் மாத்திரையில் இருப்பதால் ஒருவர் கண்காணிப்பில்தான் தொடங்க வேண்டும். இரு சக்கர வாகனத்தில் பள்ளிக்குச் செல்வதாக இருந்தால் முதல் சில வாரங்கள் பேருந்தில் செல்லுங்கள்.

எவ்வளவு பலன் கிடைக்கும் என்று கேட்பீர்கள். 2015இல் 20 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்தச் சிகிச்சைக்குப் பிறகு உறக்கம் வர ஆகும் நேரம் சராசரியாக 19 நிமிடமும், நடுவில் விழித்திருக்கும் நேரம் 26 நிமிடமும் குறைந்திருந்தன. மொத்த உறக்க நேரம் கூடியது 8 நிமிடத்துக்கும் குறைவாகத்தான். இதைச் சொல்வதால் சிலர் சோர்ந்துபோகலாம். ஆயினும் உண்மையைச் சொல்வதே சரி. 8 மணி நேரத் தூக்கம் என்ற எண்ணை இலக்காக வைத்துக்கொண்டால் ஏமாற்றமே மிஞ்சும். துண்டு துண்டாகாத உறக்கம், இரவைப் பற்றிய பயம் இல்லாத மாலை ஆகியவைதான் கிடைக்கும்; பெரும்பாலோர்க்கு அவை போதுமானவையாக இருக்கின்றன. மருந்தின் பலன் நிறுத்தியதும் நின்றுவிடுகிறது, பயிற்சியின் பலன் பின்னரும் நீடிக்கிறது. இதனால்தான் அமெரிக்க உள்மருத்துவர்கள் கழகம் 2016இல், நாள்பட்ட தூக்கமின்மை உள்ள வயது வந்தோர் அனைவருக்கும் இதையே முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது. மாத்திரையைக் குறைக்கும் காலத்திலும் இந்தப் பயிற்சி கைகொடுக்கும். ஒன்றை முடித்துவிட்டுத்தான் மற்றொன்று என்று காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பு சிலவற்றை விலக்க வேண்டும். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, காலையில் தலைவலி ஆகியவை இருக்கின்றனவா என்று உங்கள் கணவரிடம் கேளுங்கள். இருந்தால் அது உறக்க மூச்சுத் தடையாக இருக்கலாம். அந்த நிலையில் தூக்க மாத்திரை மூச்சை இன்னும் மந்தமாக்கும். படுத்தவுடன் கெண்டைக் காலில் ஏதோ ஊர்வதுபோல் ஒரு தவிப்பு, காலை அசைத்தால்தான் அடங்கும் என்ற நிலை இருந்தால், இரும்புச் சத்தின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனை செய்ய வேண்டும். மாதவிடாயில் அதிக இரத்தம் போகும் பெண்களிடம் இதை அடிக்கடி காண்கிறேன். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் படபடப்போடு தூக்கம் கெடும். உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்து இரவு வியர்வையும் வெப்பமும் விழிக்க வைக்கலாம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. ஆஸ்துமா மருந்து, ஸ்டீராய்டு, மாலையில் எடுக்கும் நீர் மாத்திரை எதுவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எதிலும் மனம் ஒட்டாமை, பசியின்மை, ‘இருந்து என்ன பயன்’ என்ற எண்ணம் ஆகியவை வந்திருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் நாள் முழுவதும், தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம்.

எங்கே செல்வது என்ற கேள்விக்கு: சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிகள் பிரிவு உங்களுக்கு அருகில். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு உண்டு. வீட்டில் தயங்கினால், உறக்கமும் மூளையின் வேலைதான் என்றும், அல்பிரசோலத்தை முறையாகக் குறைத்து விடுவிப்பது எங்கள் துறையின் அன்றாடப் பணி என்றும் சொல்லுங்கள்.

மறுமொழி 5: காரைக்குடி ஆசிரியை

எல்லோருக்கும் என் நன்றி. மருத்துவர் ஐயா கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன். குறட்டை இல்லை என்கிறார் கணவர். ஆனால் கால் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்து வியந்துபோனேன். இரவில் கெண்டைக் காலில் நரம்பு இழுப்பதுபோல் ஒரு தவிப்பு நெடுநாளாக இருக்கிறது. நின்று வேலை செய்யும் களைப்பு என்று நினைத்து ஒருவரிடமும் சொன்னதில்லை. ஓராண்டாக மாதவிடாயும் ஒழுங்கில்லை, போக்கும் அதிகம். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்ததில்லை. அம்மாவை இன்னும் நன்றாகப் பார்த்திருக்கலாமோ என்ற எண்ணம் மட்டும் 2 மணிக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இரண்டு நடைமுறைச் சிக்கல்கள். எங்கள் வீட்டில் ஒரு படுக்கையறை, கூடம், ஒரு சிறிய அறை, அவ்வளவுதான். கூடத்தில் மாமனார், மாமியார் உறங்குகிறார்கள். இரவில் எழுந்தால் போக இருக்கும் ஒரே இடம் அம்மா இருந்த அந்தச் சிறிய அறை. அங்கே போனால் மனம் இன்னும் கலங்குகிறது. இரண்டாவது, 12 மணி வரை விழித்திருக்கச் சொன்னால் என்னால் முடியுமா என்று அச்சமாக இருக்கிறது. 10 மணிக்கு உட்கார்ந்தபடியே கண் சொருகுகிறது, படுத்தால் ஓடிவிடுகிறது.

மறுமொழி 6: அரசு மருத்துவமனை மனநல மருத்துவர்

கால் தவிப்பும் மிகுந்த உதிரப்போக்கும் சேர்ந்து இருப்பதால், மற்ற எதற்கும் முன்பு இரத்தச் சோதனை செய்துவிடுங்கள்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு. இரும்புச் சத்து குறைவாக இருந்தால் அதை நிரப்பும்போதே இரவின் ஒரு பகுதிச் சுமை இறங்கக்கூடும். உதிரப்போக்குக்காக மகளிர் நோய் மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள். தாமாக இரும்பு மாத்திரை தொடங்காதீர்கள். அளவு பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

உட்கார்ந்தால் சொக்குவதும் படுத்தால் தெளிவதும் இந்த நோயின் தனி அடையாளம். படுக்கையையும் விழிப்பையும் மூளை சேர்த்துக் கட்டிவைத்திருப்பதால் அப்படி நடக்கிறது. கால் தவிப்பும் அதில் பங்கு வகிக்கலாம். 12 மணி என்பது நான் உதாரணத்துக்குச் சொன்ன நேரம். உங்கள் குறிப்பேட்டைப் பார்த்தே நேரத்தை முடிவு செய்வார்கள். 10 மணிக்குக் கண் சொருகாமல் இருக்க, அந்த நேரத்தில் நாற்காலியில் சாயாமல் நின்றபடி செய்யும் வேலைகளை வைத்துக்கொள்ளுங்கள்: மறுநாளைக்குத் துணி தேய்ப்பது, காய் நறுக்கி வைப்பது போன்றவை.

அந்த எண்ணம் இரவு 2 மணிக்கே வருவதற்குக் காரணம், பகலில் அதற்கு இடமே இல்லாமல் இருப்பதுதான். மாலை 6 மணி அளவில் கால் மணி நேரம் ஒதுக்கி, அம்மாவைப் பற்றி நினைவுக்கு வருவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். குற்ற உணர்வையும் எழுதுங்கள். உளவியலாளரிடம் அந்த நோட்டைப் பற்றிப் பேசலாம்.

மறுமொழி 7: தஞ்சாவூர் அக்கா

தங்கையே, எழுந்து போக வேறு அறைதான் வேண்டும் என்பதில்லை. என் உளவியலாளரிடம் ஒற்றை அறை வீட்டில் இருப்பவர்களும் வந்தார்கள். அவர்களைக் கட்டிலை விட்டு இறங்கி, அதே அறையில் ஒரு மூலையில் பாய் போட்டுச் சுவரில் சாய்ந்து உட்காரச் சொன்னார். படுக்கையில் கிடக்காமல் இருப்பதுதான் முக்கியம். சமையலறையில் ஒரு முக்காலி போட்டு, சிறிய விளக்கு ஒன்று வைத்துக்கொண்டாலும் போதும். உளுந்தில் கல் பொறுக்கலாம், பூண்டு உரிக்கலாம். மாமியாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நள்ளிரவில் சமையலறையில் வெளிச்சம் தெரிந்து அவர் பதறி எழுந்து வரக் கூடாது. அம்மாவின் அறைக்குப் பகலில் போங்கள். கட்டிலை இடம் மாற்றுங்கள். உங்களால் முடியும் நாளில் அவர் புடவைகளை எடுத்து மடித்து வையுங்கள். இரவில் மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

மறுமொழி 8: மதுரை மருந்தாளுநர்

புறநோயாளிப் பிரிவுக்குச் செல்லும் நாளில் எடுத்துச் செல்ல வேண்டியவை: காலி மாத்திரை அட்டை, பழைய சீட்டு, எப்போதிலிருந்து எந்த அளவு எடுக்கிறீர்கள் என்று எழுதிய தாள், குறிப்பேட்டில் ஒரு வாரப் பக்கமாவது, இரத்தச் சோதனை முடிவு. காலையிலேயே சென்று பதிவுச் சீட்டு வாங்குங்கள். கணவர் உடன் வந்தால் நல்லது. நீங்கள் உறங்கும்போது நடப்பது அவருக்குத்தான் தெரியும். அன்று காலை பார்க்கும் வரை, வழக்கமான இரவு மாத்திரையை வழக்கமான அளவில் எடுத்துக்கொண்டே செல்லுங்கள்.